ஞானப்பல்லை மயக்க மருந்து கொடுத்து எடுத்தால் வலி தெரியுமா? ஈறில் ஊசி போடாமல் எடுக்க முடியுமா?

ஊசி கட்டாயம் உண்டு. வலியைத் தடுப்பதே ஈறில் போடுகிற அந்த மரத்துப்போகும் ஊசிதான். கையில் ஏற்றுகிற மயக்க மருந்து பயத்தைத் தணிக்கும், நடந்தது நினைவில் தங்காமல் செய்யும். பாதியில் விழிப்பு வந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். விழிப்பு வந்தாலும் தாடை மரத்துத்தான் இருக்கும், அதனால் பயப்பட வேண்டாம். யாராவது அழுத்துவதுபோலத் தெரியலாம். வலித்தால் கையைத் தூக்கினால் போதும், மறுபடி மருந்து போடுவார்கள்.

எனக்கு எடுத்தது கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைசிப் பல். பாதி ஈறுக்குள்ளேயே இருந்தது, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து படுத்திருந்தது. மேலே மூடியிருந்த ஈறு மடிப்புக்குள் சோற்றுப் பருக்கை மாட்டிக்கொள்ளும், வீங்கும், சீழ் வைக்கும், வாயைத் திறக்கவே முடியாது. மாத்திரை போட்டால் அடங்கும், அப்புறம் திரும்ப வரும். இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரேயில் பார்த்தபோது வேர் நுனி, கீழ்த்தாடை நரம்பு போகிற பாதையை ஒட்டி நின்றது. நான் வழக்கமாகப் பார்க்கும் பல் டாக்டர், "இது நான் எடுக்குற பல் இல்லம்மா, முகத்தாடை சர்ஜன்கிட்ட போயிடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

நம் ஊரில் பெரும்பாலான ஞானப்பற்களை மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுத்தான் எடுக்கிறார்கள். நேராக முளைத்த பல்லுக்கு, பயமில்லாதவர்களுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசியைக் கண்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். "ஒரு பல்லுக்குப் போய் மயக்கமா" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பயத்தினாலேயே வருஷக்கணக்கில் தள்ளிப் போட்டு, பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஆடம்பரமே இல்லை. மயக்க மருந்தின் வரலாறே பல் பிடுங்குவதை ஒட்டித்தான் வளர்ந்தது. 1844 டிசம்பரில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் சிரிப்பூட்டும் வாயுவை உள்ளிழுத்துக்கொண்டு, தன் கடைவாய்ப் பல்லையே இன்னொரு மருத்துவரைப் பிடுங்கச் சொன்னார். பல் மருத்துவரே அப்படி ஒரு வழி தேடியிருக்கும்போது நாம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முந்தின நாளே சாப்பாட்டு விதியைச் சொல்லிவிடுவார்கள். பொதுவாகத் திட உணவு ஆறு மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பும் நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் இங்கேதான் இடறும்: பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். "ஒரு வாய் காபிதானே" என்று அம்மா நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் ஆபத்து. குறட்டை, ஆஸ்துமா, தினமும் போடுகிற மாத்திரைகள், கர்ப்பம், முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனது என்று எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

புறங்கையில் ஒரு சின்ன ஊசி குத்தி, மருந்து ஏற்ற லைன் எடுத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப், கையில் பிரஷர் பட்டை. மயக்க டாக்டர் மிடசோலம் என்ற மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். நடுவில் நான் தூங்கவில்லையாம். "வாயைத் திறங்க" என்றபோது திறந்திருக்கிறேன், தலையைத் திருப்பச் சொன்னபோது திருப்பியிருக்கிறேன். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போட்டதில் ஒரு நொடிகூட என் நினைவில் இல்லை. முழு மயக்கத்தில் மூச்சுக்குக் குழாய் போட்டு மெஷினில் வைப்பார்கள். இதில் நாமேதான் மூச்சு விடுகிறோம், கூப்பிட்டால் பதில் சொல்கிறோம்.

இதில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்று உண்டு: பல்லை எடுப்பவர் வேறு, உங்கள் மூச்சைப் பார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும். மிடசோலம் நல்ல மருந்துதான், ஆனால் அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். வாய்க்குள் டிரில் வைத்து வேலை செய்கிறவர் அந்த நேரத்தில் திரையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கிளினிக்கில் முதலில் விலையைக் கேட்காதீர்கள். மயக்க டாக்டர் கடைசிவரை அறையிலேயே இருப்பாரா, ஆக்சிஜனும் மருந்தின் வேகத்தை முறிக்கிற ஃப்ளூமசெனில் ஊசியும் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படிக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடத்தில் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பல் மருத்துவமனையில் வசதி இல்லையென்றால் மயக்கப் பிரிவு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கலாம்.

துணைக்கு ஒருவர் இல்லாமல் போகவே கூடாது. தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும், ஆனால் டாக்டர் சொன்னது பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். மருந்து விவரம் முழுவதையும் என் அக்காவிடம்தான் சொன்னார்கள், அவள்தான் எழுதி வைத்தாள். அடுத்த 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடுகிற காரியம் எதுவும் கூடாது.

வீட்டுக்கு வந்தபிறகு மயக்கம் எந்த உதவியும் செய்யாது. வீக்கமும் வாய் இறுக்கமும் எல்லாருக்கும் போலத்தான். வீக்கம் உடனே வருவதில்லை, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு வற்றும். முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம். மரத்தது தெளியும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிட வேண்டும், வலி வந்தபிறகு அதை அடக்குவது கஷ்டம். சாப்பாட்டுக்கு நன்றாகக் குழைத்த தயிர் சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி. இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். முதல் நாள் வேகமாக வாய் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது. பல் இருந்த குழியில் உறைகிற ரத்தம்தான் எலும்பை மூடிக் காக்கிறது. அது பெயர்ந்துவிட்டால், அடங்கிக்கொண்டிருந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பி, காது வரைக்கும் ஏறும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது. வந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள், குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் சட்டென்று குறையும். கீழுதடு மறுநாளும் மரத்தே இருந்தால் அதையும் உடனே சொல்லுங்கள். நரம்பு அசங்கியிருக்கலாம், பெரும்பாலோருக்குத் தானாகச் சரியாகிவிடும், ஆனால் டாக்டரின் குறிப்பில் அது பதிவாகியிருக்க வேண்டும்.

எனக்கு இடப்பக்கமும் அதேபோல ஒரு பல் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. மயக்கத்தோடு மயக்கமாக அதையும் எடுத்துவிடலாமே என்று கேட்டேன். வீக்கமோ சொத்தையோ எதுவும் இல்லாத பல், விட்டுவிடலாம் என்றார் சர்ஜன். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத புதைந்த ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று அரசு மருத்துவ வழிகாட்டுதலே வந்திருக்கிறது. அந்தப் பல்லை அப்படியே வைத்திருக்கிறேன். பல் சுத்தம் செய்யப் போகும்போதெல்லாம் டாக்டர் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறார்.