அப்பாவுக்கு ராத்திரி நாலஞ்சு தடவை யூரின், வயசுதான்னு விடாதீங்க

அப்பாவுக்கு 62 வயசு, ராத்திரி நாலஞ்சு தடவை எந்திரிக்கிறார், முக்கினாதான் வருது, போயிட்டு வந்தும் முழுசா போன மாதிரி இல்லங்கிறார், டாக்டர்னாலே வேணாங்கிறார்னு எழுதியிருக்கீங்க. புராஸ்டேட், அதாவது ஆம்பளைங்களுக்கு யூரின் பைக்கு கீழ இருக்கிற சுரப்பி, பெருசாகியிருக்கலாங்க, அது யூரின் குழாயைச் சுத்தி இருக்கிறதால வீங்கினா குழாயை நெருக்கிடும், 50க்கு மேல ரொம்ப சகஜம். வீங்கினாலே கேன்சர்னு அர்த்தம் இல்லைன்னு முதல்ல அவருக்கு புரிய வைங்க, அந்த பயத்துலயே நிறைய பேர் தள்ளிப்போடுறாங்க. சுகர் இருந்தாலும் அடிக்கடி போகும், அதனால இந்த வாரமே யூராலஜிஸ்ட்கிட்ட (யூரின் பிரச்சனை பார்க்கிற டாக்டர்) கூட்டிட்டு போங்க, யூரின் டெஸ்ட், ஸ்கேன் எடுப்பாங்க, பல பேருக்கு மாத்திரையிலயே நல்லா குறையுது. அதுவரைக்கும் கடையில சளி மாத்திரை வாங்கி போட வேணாம், சிலது யூரினை அடைச்சிடும். யூரின்ல ரத்தம் வந்தாலோ, குளிர்ஜுரம் வந்தாலோ, அடிவயிறு வலிச்சு சுத்தமா போகலைன்னாலோ அன்னைக்கே எமர்ஜென்சிக்கு போயிடுங்க, ராத்திரியா இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க.