முழங்காலில் சத்தம் கேட்டால் படி ஏறுவதை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. சில மாதங்களாக உட்கார்ந்து எழும்போதும் படி ஏறும்போதும் இரண்டு முழங்கால்களிலும் நறநறவென்று சத்தம் கேட்கிறது. வலியோ வீக்கமோ இல்லை. 'ஜவ்வு தேய்கிறது, இனி மூட்டுக்கு வேலை கொடுக்காதே' என்று தெரிந்தவர்கள் சொன்னதால் மாடிப்படியையும் நடைப்பயிற்சியையும் நிறுத்திவிட்டேன். நானாகவே கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். நான் செய்வது சரிதானா?

பதில்: படி ஏறுவதை நிறுத்த வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. நடப்பதை நிறுத்தியதோ மூட்டுக்கு நன்மையைவிடத் தீமையே செய்யும். காரணம் தெரிந்தால்தான் அச்சமின்றி மறுபடி நடக்கத் தொடங்குவீர்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முழங்காலில் தொடை எலும்பின் கீழ்முனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கின்றன. முன்புறத்தில் முழங்கால் சில்லு, தொடை எலும்பில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கி நகர்கிறது. எலும்புகள் ஒன்றோடொன்று தொடும் பரப்புகள் அனைத்தையும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள, வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இந்தக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் கிடையாது, நரம்புகளும் கிடையாது. உடலின் மற்றத் திசுக்களுக்கு இரத்தம் நேரடியாகக் கொண்டுவந்து கொடுக்கும் ஊட்டம், இதற்கு மூட்டுக்குள் இருக்கும் திரவத்தின் வழியாகத்தான் கிடைத்தாக வேண்டும். எடையில் பெரும்பகுதி நீராக உள்ள குருத்தெலும்பு, நீங்கள் காலை ஊன்றும்போது அழுந்திச் சிறிது நீரை வெளியேற்றுகிறது. காலை எடுக்கும்போது, கையில் பிழிந்துவிட்ட பஞ்சு தண்ணீரை மறுபடி இழுத்துக்கொள்வது போல, ஊட்டம் கலந்த திரவத்தை உள்வாங்குகிறது. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நிகழ்ந்தால்தான் இந்தப் பரிமாற்றம் செவ்வனே நடக்கும். தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழந்தவர்களிடமும், அடிபட்ட காலைப் பல வாரங்கள் ஊன்றாமல் வைத்திருந்தவர்களிடமும் முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவதை ஸ்கேன் படங்கள் காட்டியிருக்கின்றன. ஆகவே 'வேலை கொடுக்காதே' என்ற அறிவுரை, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டாலும், வலியும் வீக்கமும் இல்லாத ஒரு மூட்டுக்குப் பொருந்தாது.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். நாற்காலியில் அமர்ந்து, உள்ளங்கையை முழங்கால் சில்லின்மேல் மெதுவாக வைத்துக்கொண்டு, காலை நிதானமாக நீட்டி மடக்கிப் பாருங்கள். மணல் உரசுவது போன்ற மெல்லிய அதிர்வு கையில் தொடர்ச்சியாகத் தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் சில்லு தன் பள்ளத்தில் நகரும்போது எழுவது. மூட்டில் எந்த நோயும் இல்லாதவர்களிடமும் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. தனியாக ஒருமுறை 'டக்' என்று கேட்பது வேறு வகை. தசைநாண் ஒன்று எலும்பின் மேட்டைத் தாண்டி நழுவுவதாலோ, மூட்டுத் திரவத்தில் அழுத்தம் திடீரெனக் குறைந்து வாயுக் குமிழி உருவாவதாலோ அது எழலாம். விரலில் சொடக்கு எடுக்கும்போது நடப்பது இந்த இரண்டாவதுதான். 2015-இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலை இழுத்துப் படமெடுத்தே இதைக் கண்டார்கள். சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 ஆண்டுகள் ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்துவந்து, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். ஒரே மனிதரின் அனுபவம் முழுமையான சான்றாகாது என்றாலும், அவருடைய பொறுமையை நான் மதிக்கிறேன்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்போதும் சத்தம் கேட்கும் முழங்கால்களை நடுத்தர வயதினரிலும் முதியோரிலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் வலியுடன் கூடிய தேய்மானம் தோன்றியவர்களின் விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பெரும்பாலானோருக்கு அப்படி ஆகவில்லை. எனவே சத்தத்தை ஒரு நோயாகக் கருத வேண்டாம். மூட்டைச் சுற்றியுள்ள தசைகளைக் கவனிக்க வேண்டிய வயது வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் போதும்.

தசைகளை ஏன் சொல்கிறேன் என்றால், செயற்கை மூட்டுக்குள் உணரிகளைப் பொருத்தி அளந்தபோது, சமதளத்தில் நடக்கையில் முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்காகவும், படி இறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்காகவும் இருந்தது. இவ்வளவு சுமையையும் தாங்கவே மூட்டு அமைந்திருக்கிறது. ஆனால் பாதம் தரையில் படும் கணத்தின் அதிர்வை வாங்கிக்கொள்வது தொடையின் முன்தசை. நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலில் தளர்வதும் அதுவே. உடல் எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

பயிற்சியை நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். இருக்கையின் முன்விளிம்புக்கு வந்து, பாதங்களை இடுப்பளவு அகலத்தில் ஊன்றி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். திரும்ப உட்காரும்போது பொத்தென்று விழாமல், மனத்துக்குள் மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்குங்கள். தொடைத் தசைக்கு உண்மையான வேலை இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. முழங்கால்கள் உட்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கக் கூடாது. அவை கால்விரல்கள் நோக்கும் திசையிலேயே நிற்கட்டும். பத்து முறை செய்து, சற்று ஓய்ந்து, மறுபடியும் பத்து முறை செய்தால் தொடக்கத்துக்குப் போதும். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். படியில் முதலில் ஏற மட்டும் பழகிவிட்டு, பிறகு இறங்குவதைச் சேர்த்துக்கொள்ளலாம். மறுநாளைக்குள் மறையும் இலேசான அசதி இயல்பானது. மறுநாளும் வலித்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

கால்சியம் மாத்திரை இந்தச் சத்தத்தைக் குறைக்காது. உடலின் கால்சியத்தில் ஏறத்தாழ 99 சதவீதம் எலும்பிலும் பற்களிலும் இருக்கிறது; உங்கள் சத்தமோ எலும்பில் கால்சியம் குறைந்ததால் எழுவதன்று. மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து எடுத்துவந்தால் மலச்சிக்கலும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வர வாய்ப்பு உண்டு. எலும்பின் வலிமையைப் பற்றித்தான் கவலை என்றால், அங்கும் பதில் நடையில்தான் இருக்கிறது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இலேயே விளக்கினார். உடல் எடையைத் தாங்கும் தேவையே இல்லாத விண்வெளியில், இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வீதம் குறைவதை விண்வெளி வீரர்களிடம் அளந்திருக்கிறார்கள். போதிய கால்சியமும் வைட்டமின் டி-யும் எலும்புக்குக் கட்டாயம் தேவை. உங்களுக்கு அவை குறைவா என்பதைப் பரிசோதித்து முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

வலியில்லாத நிலையில் எக்ஸ்ரே எடுக்க நான் சொல்ல மாட்டேன். படத்தில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம். தேவையற்ற படம் தேவையற்ற பயத்தையே தரும். ஆனால் முழங்கால் வீங்கினாலோ, நடக்கும்போது சட்டென்று மடங்கிக் கைவிட்டாலோ, நீட்டவும் மடக்கவும் முடியாமல் இடையில் பூட்டிக்கொண்டாலோ, காலையில் எழுந்ததும் மூட்டில் இருக்கும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, இரவில் வலி தூக்கத்தைக் கலைத்தாலோ எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டாலோ, அடிபட்டபின் காலை ஊன்றவே முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.