வாசகர் கேள்வி – பதில்: பழைய ஆர்பிஜி பெட்டிகளும் ஐப்பசி அடைமழையும்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (ஆர்பிஜி), அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு. அதன் பழைய பெட்டிகளைச் சேகரிப்பது பற்றி டெல்டா வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பேசிக் பெட்டியில் 1977 என்று இருக்கிறது. டைஸ் ஒன்றுகூட இல்லை, எண் அச்சிட்ட அட்டைதான் இருக்கிறது. யாராவது எடுத்துவிட்டார்களா?
– வாசகர், கும்பகோணம்

பெரும்பாலும் இல்லை. 1979 வாக்கில் டைஸுக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் எண் அட்டையையும், டைஸ் வாங்கிக்கொள்ள ஒரு கூப்பனையும் வைத்தே பெட்டிகளை விற்றது. வெட்டப்படாத அட்டையும் கூப்பனும் இருந்தால் உங்கள் பெட்டி டைஸோடு வந்ததைவிடச் சுவையானது. புது டைஸ் வாங்கி உள்ளே போட்டு ‘நிறைவு’ செய்துவிடாதீர்கள். விளையாட ஆசையென்றால் அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, நகலை வெட்டி, 4, 6, 8, 12, 20 முக டைஸுக்குப் பதிலாக வகைக்கொரு டம்ளரில் போடுங்கள். எடுத்த சீட்டை உடனே திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். வெளியே வைத்துக்கொண்டால் அந்த எண் மறுபடி வர வழியே இல்லை.

அந்தக் காலத்து டைஸ் கிடைத்தால் விளிம்பு தேய்ந்திருக்கும், ஏனென்றால் பிளாஸ்டிக் அவ்வளவு மென்மை. 20 முகக் காயில் 0 முதல் 9 வரைதான் இருக்கும், ஒவ்வொன்றும் இருமுறை. ஒரு பாதியை வேறு நிறக் கிரேயானால் தேய்த்து, அந்த நிறம் விழுந்தால் 10 கூட்டிக்கொள்வார்கள். அந்த மெழுகைச் சுரண்டவும் வேண்டாம், பாலிஷ் போடவும் வேண்டாம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெள்ளைப் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள் உள்ளன. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளில் கறை. பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறேன். லேமினேட் செய்யலாமா?
– வாசகி, மன்னார்குடி

கூடவே கூடாது. ரேஷன் கார்டுக்குச் செய்வதை இதற்குச் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

துரு மேலோட்டமாக இருந்தால் பின்னைத் தொடாதீர்கள். பொடியாக உதிர்ந்தால் மட்டும் நடுப்பக்கத்தைத் திறந்து, மெல்லிய தகட்டை அடியில் விட்டு இரு கால்களையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெதுவாக எடுங்கள். பிடுங்கினால் துளை கிழியும். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகத் தைத்துவிடலாம். பழைய பின்னை ஒரு சிறு உறையில் போட்டுப் பெட்டியோடு வையுங்கள்.

அந்துருண்டையை இன்றே எடுங்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், டைஸ் பிசுபிசுக்கும். மன்னார்குடியில் மழைக்காலத்து ஈரம்தான் உண்மையான எதிரி. இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் டப்பா, 20 லிட்டருக்கு சுமார் 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 45–55 சதவீதம் போதும். ஈரம் உறிஞ்சி ஜெல் பச்சையானதும் 110–120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். இராமபாணப் பூச்சி தெரிந்தால் புத்தகத்தை மட்டும் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் தாளில் நீர் பூக்கும்.

பதிப்பையும் பார்த்துவிடுங்கள். 1974இல் முதலில் அச்சான 1,000 பிரதிகள் மரவரித் தாள் ஒட்டிய பழுப்புப் பெட்டியில் வந்தவை. வெள்ளைப் பெட்டி பிந்தியது. உள்ளே ‘ஹாபிட்’ (டோல்கீன் கதைகளில் வரும் குள்ள இனம்) என்ற சொல் இருந்தால், 1977இல் டோல்கீன் உரிமைதாரர் தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு அது ‘ஹாஃப்லிங்’ ஆவதற்கு முந்தைய அச்சு.

விளையாட்டில் கதாபாத்திரங்களுக்கு வைக்கும் ஈய மினியேச்சர் பொம்மைகளில் வெள்ளைப் பொடி பூக்கிறது. கடற்காற்று உப்பா?
– வாசகர், நாகப்பட்டினம்

உப்பு அல்ல, ஈயம் அரித்து வந்த பொடி. ப்ளைவுட், மரப்பெட்டி, சில பசைகள் விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தைத் தின்னும். ஈரம் அதற்குத் துணை போகும். அந்தப் பொடி நஞ்சு. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், ஊதாதீர்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டருக்குள்ளேயே பொம்மையை வைத்து மென்மையான டூத்பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, பிரைமர் அடியுங்கள். பொடியின் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும். பிறகு மரத்தைவிட்டு இரும்பு அலமாரிக்கு மாற்றுங்கள்.

சுவாமிமலையில் வெண்கலத்தில் 20 முக டைஸ் வார்த்துத் தருவார்களா?
– வாசகர், பாபநாசம்

மெழுகில் சரியாகச் செய்துகொடுத்தால் வார்க்கலாம். ஆனால் உலோகம் உறையும்போது சுருங்கும், உள்ளே காற்றுக் குழி விழலாம், அரம் போடும்போது முகங்கள் சமமாக நிற்காது. கொலுவில் வைக்க அழகு, விளையாட நம்பிக்கையில்லை. விளையாட்டுக்கென்றால் பித்தளைக் கம்பியிலிருந்து மில்லிங் மெஷினில் வெட்டச் சொல்லுங்கள். எதிரெதிர் முகங்களின் கூட்டு 21 வரும்படி எண் போட வேண்டும். முகத்துக்கு முகம் 20 மி.மீ. இருந்தால் எடை சுமார் 43 கிராம். துணி விரித்த தட்டில்லாமல் உருட்டினால் மேசை பள்ளம் விழும்.

ஆடுபவர் தன் கதாபாத்திரத்தின் விவரம் எழுதிவைக்கும் பழைய கேரக்டர் ஷீட்டுகளைத் தூக்கிப் போடலாமா?
– வாசகி, திருவாரூர்

எல்லாவற்றையும்விட அவைதான் முதலில் காப்பாற்ற வேண்டியவை. புத்தகம் இன்னொன்று வாங்கலாம்; அழித்து அழித்து எழுதிய ஹிட் பாயின்ட் (கதாபாத்திரத்தின் உயிர்ப் புள்ளி) கட்டம் இன்னொன்று கிடைக்காது. பென்சில் எழுத்து நிற்கும், சில பேனா மை ஈரத்தில் ஓடும். ஆகவே பேனாத் தாள்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வாடை வீசும் பிவிசி உறை வேண்டாம், ஜெராக்ஸ் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.