மூளை, தண்டுவட ஆராய்ச்சிக்கு நீட் ஒன்றுதான் வழியா?

வணக்கம் சார்,

மூளை, தண்டுவட ஆராய்ச்சிக்குப் போக நீட் எழுதித்தான் ஆக வேண்டுமா என்று பிளஸ் டூ படிக்கும் உங்கள் பெண்ணுக்காகக் கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெண்ணுக்கு ஆராய்ச்சிதான் ஆசை, வைத்தியம் பார்ப்பதில் இல்லை என்றால், நீட்டுக்காக இன்னொரு வருஷம் ரிப்பீட்டர் வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். டாக்டராகத்தான் ஆக வேண்டும் என்று அவளே சொன்னால் கணக்கு வேறு. எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.டி., அதற்கு மேல் மூன்று வருஷம் டி.எம். நியூராலஜி, அதாவது நரம்பியல் சிறப்புப் படிப்பு. அந்தப் பாதையிலும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உண்டு, ஆனால் ஓ.பி.யில் நிற்கும் கூட்டம் போக மிஞ்சுகிற நேரத்தில்தான்.

தென்னை மரத்திலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போன மாமாவைப் பார்த்துவிட்டு, "கை நரம்பு அறுந்தால் வளர்கிறதே, தண்டுவடம் மட்டும் ஏன் வளராது?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி. கை, கால் நரம்பைத் தைத்துவிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் அது நடப்பதில்லை. அங்குள்ள நரம்பணுக்களுக்கு வளரும் சக்தியே கிடையாது என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1980-81 வாக்கில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு, எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து அதன் தண்டுவடத்தில் ஒட்டுப்போட்டது. தண்டுவட நரம்பிழைகள் அந்தத் துண்டுக்குள் புகுந்து வளர்ந்தன! அப்படியானால் கோளாறில் பெரும்பங்கு சுற்றுப்புறத்தில் இருக்கிறது: நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையில் வளர்ச்சிக்குத் தடை போடும் புரதங்கள், காயம்பட்ட இடத்தில் உண்டாகும் தழும்பு. போதாக்குறைக்கு, வளர்ந்த நரம்பணுவின் சொந்த வீரியமும் குறைந்துபோகிறது. ஜீப்ரா மீன் என்ற சிறு மீனோ, தண்டுவடம் அறுந்தாலும் சில வாரங்களில் மறுபடி நீந்துகிறது. அதனிடம் இருப்பது நம்மிடம் ஏன் இல்லை என்பதை இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி சுவையானது. அன்றாட வேலை அப்படி இருக்காது, அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தண்டுவடத்தில் அடிபட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. ஆராய்ச்சி மாணவர் தினமும் இரண்டு மூன்று முறை ஒவ்வொரு எலியையும் கையில் பிடித்து, அடிவயிற்றைப் பதமாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. கடைசியில் அதே எலியைக் கொன்று, தண்டுவடத்தை உறையவைத்து, மைனஸ் 20 டிகிரி குளிரில் முடியைவிட மெல்லிசாகச் சீவி, தூரிகையால் கண்ணாடித் தகட்டில் ஏற்ற வேண்டும். பாதிச் சீவல்கள் சுருண்டே போகும். எலியைக் கொல்ல மனசு வராத பிள்ளைகள் இரண்டாம் வருஷம் பிஎச்.டி.யை விட்டுவிட்டு வருவதை விட, பிளஸ் டூவிலேயே இதைப் பேசிவிடுவது நல்லது. கொல்ல முடியாது என்றால் துறையே மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. செல் வளர்ப்பு, ஸ்கேன் படங்கள், கணினி மாதிரிகள் என்று வேறு கதவுகள் இருக்கின்றன. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மனித மூளையைச் செல் அளவில் படமெடுத்து வரைபடமாக்குகிறார்கள். அங்கே கணக்கும் கோடிங்கும் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி.

சரி, வழி. ஐஐஎஸ்ஈஆர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். இதற்கான ஐஏடி என்ற நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் தலா 15 கேள்விகள். உயிரியலை மட்டும் நம்பிப் போகும் நம் பிள்ளைகள் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். ஐஐடி மெட்ராஸின் மருத்துவ அறிவியல்-பொறியியல் பி.எஸ். படிப்புக்கும் இதே தேர்வுதான். இது கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்துவிட்டு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற, ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வை எழுதலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பிஎச்.டி.க்குப் பெங்களூரில் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் நிறுவனமான ஐ.ஐ.எஸ்சி., ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் எல்லாம் இருக்கின்றன. நிம்ஹான்ஸில் தானமாகப் பெற்ற மனித மூளைகளைச் சேமிக்கும் மூளை வங்கியே உண்டு.

ஒரு எச்சரிக்கை. "நியூரோ" என்று பெயரில் இருக்கும் பி.எஸ்சி. படிப்புகள் பல, இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுக்கும் டெக்னீஷியன் வேலைக்கானவை. கௌரவமான வேலை, சீக்கிரம் சம்பளமும் வரும். ஆனால் அவள் கேட்பது அதுவல்ல. பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.

பணம் பற்றி: 23 வயதில் பிஎச்.டி.யில் சேர்ந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. முடிக்கும்போது 28, 29 வயது ஆகிவிடும். அதன்பின் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி. பேராசிரியர் இடங்கள் குறைவு. பலரும் மருந்துக் கம்பெனிகளுக்கும் மருந்துப் பரிசோதனை நிறுவனங்களுக்கும் போகிறார்கள். கல்யாணம் பற்றி இரண்டு பாரா எழுதியிருந்தீர்கள், அது என் இலாகா இல்லை.

மாமாவுக்கு இன்றைக்கே உதவும் வேலைதான் வேண்டும் என்று அவள் சொன்னால், மறுவாழ்வு மருத்துவத்தைக் காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். அங்கே மறுவாழ்வுத் துறையைக் கட்டி எழுப்பியதும் அவர்தான். பொறியியல் பக்கம் பார்த்தால், எழுந்து நிற்க வைக்கும் "அரைஸ்" சக்கர நாற்காலி ஐஐடி மெட்ராஸில் உருவாகி 2019இல் வெளிவந்தது.

ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பதாகவும் சொன்னீர்கள். கொடுக்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி தண்டுவடக் காயத்துக்கு அதை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். சிகிச்சை என்று சொல்லி விற்கக் கூடாது. அந்த வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பெண்ணையே படித்து மாமாவுக்கு விளக்கச் சொல்லுங்கள், இந்தத் துறையில் அவள் செய்யும் முதல் வேலையாக இருக்கட்டும்.

அவளுடைய பிளஸ் ஒன் கணக்கு, இயற்பியல் மதிப்பெண்களை அனுப்பி வையுங்கள். ஐஏடி பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.