நடிகையின் படமும் நமது தலைப்பும்: கேள்வி பதில்

நடிகைகளின் கவர்ச்சிப் படங்களைப் பகிர்வது பற்றி, இலங்கை மலையகத்தில் முகநூல் பக்கங்களும் செய்தித் தளங்களும் நடத்துகிறவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

ஹட்டன்: நடிகையே இன்ஸ்டாகிராமில் போட்ட படம்தானே அக்கா, நாங்கள் போட்டால் என்ன பிழை?

போட்டது அவர்தான். ஆனால் முழு உருவமும் தெரிந்த படத்தைக் கழுத்திலிருந்து இடுப்புவரை வெட்டியது யார்? சிவப்பு வட்டம் போட்டு "இந்தக் கோலத்திலா?" என்று எழுதியது யார்? விருது விழாவுக்குச் சேலையில் வந்தவர் குனிந்த அரை விநாடியில் காணொளியை நிறுத்திப் படம் பிடித்தால், அந்த ஆபாசம் உங்கள் கைவேலை தம்பி.

படத்தை வெட்டாமல் போடுங்கள். என்ன விழா, என்ன படம் என்பதே தலைப்பாக இருக்கட்டும். எழுதிய தலைப்பை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். நா கூசினால் அழித்துவிடுங்கள்.

தரவிறக்கியும் போடாதீர்கள். செய்தித் தளமென்றால் எம்பெட் குறியீடு (அவருடைய பதிவையே உங்கள் பக்கத்தில் காட்டுவது), முகநூலென்றால் அவருடைய பதிவின் இணைப்பு. நாளைக்கு அவர் மனம் மாறிப் பதிவை நீக்கினால், எம்பெட் செய்த இடத்திலும் படம் தெரியாது. நீங்கள் தரவிறக்கிய பிரதியோ கிடந்தபடி கிடக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒளிப்படத்துக்கும் பதிப்புரிமை உண்டு.

தலவாக்கலை: நாங்கள் போடாவிட்டால் வேறு பக்கம் போடுகிறது. வியூஸ் விழுந்துவிடுகிறதே?

விழும், கொஞ்ச நாளைக்கு நன்றாகவே விழும். ஆனால் உங்கள் பதிவுகளை யார் தட்டுகிறார்களோ, அவர்களைப் போன்றவர்களுக்கே முகநூல் அடுத்த பதிவையும் கூடுதலாகக் காட்டும். கவர்ச்சிப் படத்துக்கு வந்த கூட்டம் எந்த ஊரிலோ இருக்கும். அடைமழை நாளில் நீங்கள் போடும் மண்சரிவு எச்சரிக்கை, மலைச்சரிவு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிற குடும்பத்தின் கண்ணில் படாமல் போகும். அந்தக் குடும்பத்துக்காகத்தானே பக்கம் தொடங்கினீர்கள்?

பண்டாரவளை: வயது எல்லை போட்டால் போதாதா?

போதாது. லயத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரே போன்தான். அந்த எல்லை அப்பாவின் அக்கௌண்டில் உள்ள வயதைத்தான் பார்க்கும். வகுப்பு வட்ஸ்அப்பைத் திறக்க மகள் வாங்குவதும் அதே போனைத்தான்.

வெலிமடை: ஏ.ஐ. போலியை எப்படிப் பிடிப்பது?

2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகம் வேறொரு பெண்ணின் லிஃப்ட் காணொளியில் பொருத்தப்பட்டுப் பரவியது. தொடக்க விநாடியில் அசல் பெண்ணின் முகம் தெரிந்து, பிறகுதான் மாறியது. 2024 ஜனவரியில் ஒருவரைக் கைது செய்த டெல்லி பொலிஸ், ரசிகர் பக்கத்துக்கு ஃபொலோவர் சேர்க்கவே அவர் அதைச் செய்ததாகச் சொன்னது. பக்கம் நடத்துகிற எவரும் இதை மறக்கக்கூடாது.

வேகத்தை 0.25க்குக் குறைத்து முதல் விநாடியையும் தலை திரும்பும் இடங்களையும் பாருங்கள். காது, தாடையோரம், முடி நெற்றியைத் தொடும் கோடு ஆகியவற்றில் நெளிவு தெரியும். பிறகு நான்கைந்து இடங்களில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடுங்கள், அசல் அகப்படலாம். நல்ல போலியில் இவை எதுவும் பிடிபடாது. ஆகவே நடிகையின் சொந்தக் கணக்கில் இல்லாத அந்தரங்கக் காட்சியைத் தொடவே வேண்டாம். "உண்மையா, பொய்யா?" என்று கேட்டுக் காணொளியையும் சேர்த்துப் போட்டால், அதுவும் பரப்புவதுதான்.

மஸ்கெலியா: போட்டாகிவிட்டது. எப்படி முழுதாக எடுப்பது?

வேர்ட்பிரஸில் பதிவை மட்டும் அழித்தால் படம் அப்படியே இருக்கும். மீடியா லைப்ரரிக்குப் போய் அதையும் அழிக்க வேண்டும். அடுத்து, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சேர்ச் கொன்சோலில், தேடலிலிருந்து நீக்கக் கோரிக்கை. அது ஏறத்தாழ 6 மாதத்துக்கே மறைக்கும் என்பதால், முதலில் தளத்தில் அழித்திருப்பது அவசியம். வட்ஸ்அப்பில் உங்கள் செய்தியை எல்லோருக்குமாக அழிக்க இரண்டரை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் யாராவது சேமித்திருந்தால் அது உங்கள் கைக்கு எட்டாது.

பதுளை: எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவரின் முகத்தை நடிகையின் உடலில் ஒட்டி அனுப்புகிறார்கள், அக்கா.

ஆதாரத்துக்கென்றுகூட யாருக்கும் அனுப்ப வேண்டாம். இணைப்பு, அனுப்பிய இலக்கம், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் உடனே 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. வளர்ந்தவரென்றால் 101, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட். அத்தோடு, சம்மதமில்லாத அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. (StopNCII) தளத்திலும் அவரே பதியலாம். படம் அவருடைய போனைவிட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டுமே போகும். பதியும்போது பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் நல்லது, தனியே உட்காரவிடாதீர்கள்.