வீட்டு பாலிசில அணு விபத்துக்கு காசு இல்லயாம், அப்ப யார்ட்ட கேக்க?

ராதாபுரம் தாலுகாலருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. கூடங்குளம் உலைலருந்து எட்டு கிலோமீட்டர்ல வீடு, அப்பாவுக்கு கடல் தொழில், லோன்ல வாங்குன ஃபைபர் போட். வீட்டு இன்சூரன்ஸ் பாலிசிய வாசிச்சுப் பாத்தா அணுக்கதிர் சேதத்துக்கு பணம் கிடையாதுன்னு இருக்காம். 2025 பட்ஜெட்ல வேற அணு விபத்து இழப்பீட்டு சட்டத்த திருத்தப் போறோம்னு சொல்லிட்டாங்க, "இனிமே உலைய சப்ளை பண்ண ரஷ்யாக்காரன் மேல கேஸ் போட முடியாதா சார்"னு கேக்காரு.

தம்பி, பாலிசில உங்கள யாரும் ஏமாத்தல, வீட்டு பாலிசி எல்லாத்துலயும் அந்த வரி இருக்கும். ரஷ்யாக்காரன் விஷயம் என்னன்னா, 2010-ல வந்த அந்த இழப்பீட்டு சட்டப்படியே நீங்க அவன் மேல நேரா போக முடியாது (2025 டிசம்பர்ல அதுக்கு பதிலா நாடாளுமன்றம் புது சட்டம் போட்டுருச்சு, நான் இங்க சொல்றது எல்லாம் 2010 சட்டக் கணக்கு). பொறுப்பு முழுக்க உலைய நடத்துற இந்திய அணுமின் கழகத்து மேலதான், தப்பு யாருதுன்னு நீங்க நிரூபிக்கவே வேண்டாம், சேதத்த காட்டுனா போதும்.

டிவில சண்டை போட்டது அந்த சட்டத்தோட 17(b) பிரிவுக்கு. சப்ளை பண்ண சாமான்ல கோளாறுன்னா உங்களுக்கு குடுத்த காச கழகம் அவன்ட்ட திருப்பிக் கேக்கலாம்ங்கிறதுதான் அது. 2010 ஜூன்ல போபால் விஷவாயு கேஸ்ல 25 வருஷம் கழிச்சு ரெண்டே வருஷம் தண்டனைன்னு தீர்ப்பு வந்து நாடே கொதிச்சப்ப, எதிர்க்கட்சியா இருந்த பாஜகவும் இடதுசாரிகளும் நெருக்குனதுலதான் இது உள்ள வந்துச்சு, 2025-ல அதே பாஜக அரசுதான் திருத்தணும்னு நின்னுச்சு, அரசியல்னா அப்பிடித்தான். 17(b) போனா உங்க கைக்கு வர்ற தொகை குறையாது, ஆனா மட்டமான வால்வு அனுப்புறவனுக்கு இருந்த பயம் போயிரும், அதனால அது இருக்கணும்ங்கிறதுதான் என் கருத்து.

நீங்க கண்ணு வைக்க வேண்டியது வேற ரெண்டு. ஒண்ணு உச்சவரம்பு, 2010 சட்டப்படி கழகம் தர்றது மொத்தமே 1,500 கோடி, அதுக்கு மேல மத்திய அரசு குடுத்தாலும் எல்லாம் சேத்து 30 கோடி எஸ்டிஆர்தான் (எஸ்டிஆர்ங்கிறது பன்னாட்டு நிதியம் வச்சிருக்கிற ஒரு கணக்கு அலகு), நம்ம காசுல மூவாயிரம் கோடிக்கு கொஞ்சம் மேல. ஜப்பான்ல உலை நடத்துறவனுக்கு வரம்பே கிடையாது. ரெண்டாவது 2010 சட்டத்தோட 46-வது பிரிவு, வேற சட்டத்துல கழகத்து மேல போற வழிய அதுதான் தெறந்து வச்சிருந்துச்சு, புது சட்டத்துல அந்த வழி இல்லன்னா சத்தம் போடுங்க.

2010 சட்டத்துல, சுனாமி மாதிரி பேரிடர்ல ஆச்சுன்னா கழகம் தப்பிச்சுக்கும், அப்ப மத்திய அரசு தரணும். மனு கோர்ட்டுல இல்ல, இழப்பீட்டு ஆணையர்ட்ட. பாதிப்பு தெரிஞ்ச மூணு வருஷத்துக்குள்ள போடணும், அதுலயும் விபத்து நடந்து சொத்துக்கு 10 வருஷம், உடம்புக்கு 20 வருஷம் தாண்டுனா உரிமையே போச்சு, கேன்சர் இந்த கணக்கு பாத்தா வரும், சொல்லுங்க. மீன்பாடு நின்னு போன வருமான நஷ்டமும் கேக்கலாம், அதனால ஏலச் சீட்டு, டீசல் பில்லுன்னு எதையும் தூக்கிப் போடாதீங்க.

அப்புறம் அந்த ஃபைபர் போட் இன்னும் பழைய ஓனர் பேர்ல ஓடிட்டிருந்தா முதல்ல அப்பா பேருக்கு மாத்துங்க, சொத்து சேதத்துக்கு சொந்தக்காரர்தான் மனு போட முடியும்.