அப்பா கணக்கில் இருக்கும் பணம் செல்லுமா?

கேள்வி: ஐயா, பிரிட்டனில் வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு 1,270 பவுண்டு கையிருப்பு காட்ட வேண்டுமாம். சம்பா நெல் போட்ட பணம் அப்பா கணக்கில் இருக்கிறது, நிலப் பத்திரமும் இருக்கிறது. காட்டலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் தம்பி, நிலமும் நகையும் இதில் செல்லாது. அப்பா கணக்கும் உதவாது. மாணவர் விசாவுக்குப் பெற்றோர் கணக்கை ஏற்பார்கள், அதைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் குழம்புகிறார்கள். பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், அதன்பின் தொடர்ந்து 28 நாள் இருப்பு அந்தத் தொகைக்குக் கீழே இறங்கவே கூடாது, அடுத்த நடவுக்கு அவசரம் என்று ஒரே ஒரு நாள் எடுத்துத் திரும்பப் போட்டாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். அந்த 28-ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். பவுண்டு விலை ஏறி இறங்கும், கொஞ்சம் கூடவே போட்டு வையுங்கள். மனைவியும் வந்தால் 285 பவுண்டு தனி.

அப்புறம், இதற்கெல்லாம் முன்னால் உங்களை வேலைக்கு எடுப்பதாகக் கம்பெனி தந்த ஸ்பான்சர்ஷிப் சான்றைப் பாருங்கள். ஏ ரேட்டிங் (பிரிட்டன் அரசு ஸ்பான்சர் கம்பெனிகளுக்குத் தரும் முழுத் தகுதி) உள்ள கம்பெனி, முதல் மாதச் செலவைத் தானே ஏற்பதாக அதில் குறித்திருந்தால் உங்கள் பாஸ்புக்குக்கு வேலையே இல்லை.